களத்தில் இறங்கிய காற்று

காலை ஆறு மணிக்கு நாகநாதன் கைப்பேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தான். அவன் பேசுவது ‘வத்தல் வானிலை’ என்ற வாட்ஸ்அப் குழுவுக்கு. நயினார்கோவில் சுற்றுவட்டாரத்து மிளகாய்க்காரர்கள் நூற்றுப்பத்துப் பேர் அதில் இருந்தார்கள். பூவாணியேந்தலில் இருப்பவர்களுக்கு மட்டும் கைப்பேசி தேவையில்லை. அவரவர் வாசலில் நின்றாலே அவன் குரல் கேட்கும்.

“எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குச் சித்திரை நாலு. ராத்திரிப் பனி இல்ல, இப்பக் காத்தும் இல்ல, புழுக்கம் சாஸ்தி. மத்தியானத்துக்கு மேல மேகம் கூடும், இருட்டும், பயங்காட்டும். ஆனா மழை இல்ல. மேல இருக்கிற காத்து காஞ்சு கெடக்கு, மேகம் மழையாத் தெரளாது. வத்தலத் தெறந்தே போடுங்க. யாரும் மூட வேணாம்.”

வாசல் கூட்டிக்கொண்டிருந்த முருகலட்சுமி விளக்குமாற்றைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தத் தட்டுதான் அவள் சொன்ன பதில். வாயைத் திறந்து அவள் புருஷனிடம் பேசி இருபத்து மூன்று நாளாகிறது.

அதற்குக் காரணம் இருந்தது. மூன்றாம் எடுப்பில் பறித்த வத்தல் காய்ந்துகொண்டிருந்தபோது இதேபோல மழை இல்லை என்று சொன்னான். ஊரில் மற்றவர்கள் அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டு, பாதியைத் திறந்தும் பாதியை மூடியும் வைத்தார்கள். முருகலட்சுமி ஒருத்திதான், கட்டினவர் சொல்லிவிட்டார் என்று முழுவதையும் திறந்து போட்டாள். விடியற்காலையில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. ரத்தச் சிவப்பாக இருந்த வத்தல் வெளிறிப் பூத்து, விலை போகாத சண்டாகிவிட்டது. ‘மேகம் வீட்டு வத்தலுக்குத்தான் நல்ல நனைச்சல்’ என்று களத்தில் பெண்கள் அவள் காதுபடச் சிரித்தார்கள். வத்தல் போனதைக்கூட மறந்திருப்பாள். ஊரில் இவனை நம்பிய ஒரே ஆள் தானாக இருந்து, அதற்காகவே எல்லோரும் சிரிக்கும்படி ஆனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நாகநாதன் என்ற பெயர் அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு உண்டு. இவனை ‘மேகம்’ என்றால்தான் தெரியும். நாற்பத்தெட்டு வயதிலும் மேகத்தைப் பார்த்தால் வேலையை விட்டுவிட்டு நிற்பான். வீட்டுக் கூரை ஓரத்தில் ஒரு மூங்கில் கம்பு, அதில் காற்றின் திசை பார்க்கப் பழைய சேலைக் கிழிசல். பாட்டிலை அறுத்து அடையாளக் கோடு போட்டு மழை அளக்க ஒன்று. கோழிப்பண்ணையில் கேட்டு வாங்கிய வெப்பமானி ஒன்று. இதெல்லாம் போக, தொண்டிக் கடற்கரையில் டீக்கடை வைத்திருக்கும் சதக்கத்துல்லா என்ற சிநேகிதர் ஒருவர். கடல்காற்று கிளம்பியதும் அவர் போன் போட்டுச் சொல்வார். அது இவ்வளவு தூரம் உள்ளே வந்து சேர எத்தனை மணி ஆகும் என்று நாகநாதன் கணக்குப் போடுவான்.

அந்த சதக்கத்துல்லா எட்டு வருஷத்துக்கு முன்னால் கடை வாசலில் நின்று ஒரு காட்சி பார்த்தார். மேகத்திலிருந்து தும்பிக்கை மாதிரி ஒன்று இறங்கி, நடுக்கடலில் தண்ணீரைத் தொட்டுச் சுற்றியதாம். அன்றிலிருந்து நாகநாதனுக்கு அதே ஏக்கம். ‘எப்படிப் பாய் இருந்துச்சு?’ என்று மாசத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவான். தன் ஆயுசுக்குள் ஒரு தடவை அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தான். அதற்கு அடுத்தபடியாக அவனுக்கு இருந்த ஒரே ஆசை, முருகலட்சுமி மறுபடி தன் பேச்சை நம்ப வேண்டும் என்பது. ஊர் நம்பாவிட்டால் போகிறது, அவள் ஒருத்தி போதும். இந்த இருபத்து மூன்று நாளில் இரண்டாவது ஆசை முதலாவதைத் தாண்டிப் போயிருந்தது.

பழைய சோற்றையும் சுட்ட நெத்திலிக் கருவாட்டையும் அவன் முன்னால் வைத்துவிட்டு, அவள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்.

“தின்னுட்டுக் களத்துக்கு வரணும்னு நெனைக்கிறவுக வரலாம். தார்ப்பாய நான் எடுத்துட்டுத்தான் போறேன்.”

“மழை இல்லைங்கிறேன் லட்சுமி. எதுக்குத் தார்ப்பாய்?”

“அடுப்பு இன்னைக்கு நல்லாத்தான் எரியுது” என்றாள் முருகலட்சுமி.

ஊர்க் களம் கண்மாய்க்குக் கீழே இருந்தது. அரை ஏக்கர் சிமெண்டுத் தளம், ஓரத்தில் காய்ந்து கிடக்கும் வாய்க்கால். பதினோரு வீட்டு வத்தல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். நடுவில் ஒரு சாண் இடைவெளிதான் எல்லை. குண்டு குண்டாக உருண்டை மிளகாய், பரப்பியிருந்தால் தரையே தெரியாது. பெண்கள் முக்காடு போட்டு மூக்கை மூடிக்கொண்டு, காலால் அளைந்து அளைந்து அதைப் புரட்டிவிடுவார்கள். நெடி பழகாதவர்கள் அங்கே ஐந்து நிமிஷம் நிற்க முடியாது.

முருகலட்சுமியின் அண்ணன் பொன்னுச்சாமியின் வத்தலும் பக்கத்தில்தான் கிடந்தது. அவன் தன் தார்ப்பாயைச் சுருட்டித் தயாராக வைத்திருந்தான்.

“என்ன மாப்ள, மூட வேணாம்னு சொல்லிட்டீக. அதான் நான் முன்கூட்டியே தார்ப்பாயோட வந்துட்டேன்.”

“சிரிங்க மச்சான், சிரிங்க. இன்னைக்கு ஒரு பொட்டுத் தண்ணி விழுந்தா அந்த வாட்ஸ்அப்ப நானே கலைச்சிர்றேன்.”

“இதக் கேட்டியா லட்சுமி? நல்ல காரியமாப் போச்சு. ஊரே சேந்து மழைக்கு வேண்டிக்கிருவோம்.”

முருகலட்சுமி சிரிக்கவில்லை. காலால் வத்தலை அளைந்துகொண்டே போனாள். அண்ணன் கேலி செய்தாலும் அவளுக்குக் கோபம், அவன் கேலி செய்யும்படி வைத்த புருஷன் மேலும் கோபம்.

வழக்கமாகக் கடல்காற்று மதியம் ஒரு மணிக்குத்தான் தொண்டியில் கிளம்பும். அன்றைக்குப் பதினொன்றரைக்கே போன் வந்துவிட்டது.

“நாகநாதா, காத்து இப்பவே கெளம்பிருச்சுப்பா. சாதாரணக் காத்து இல்ல. கடைச் சாக்குப்படுதாவ அப்படியே தூக்குது. ஈரம் மொகத்துல அப்புது.”

“பதினொன்னரைக்கா? மேகம் எப்படிப் பாய்?”

“கடல்ல ஒன்னும் இல்ல, துடைச்சு வச்ச மாதிரி இருக்கு. எல்லாம் உங்க பக்கந்தான் வெள்ளை வெள்ளையாக் கெளம்புது. அல்லா காப்பாத்துவான், பாத்து இருங்க.”

நாகநாதன் கிழக்கே திரும்பிப் பார்த்தான். இங்கே இன்னும் மேல்காற்றுதான் வீசிக்கொண்டிருந்தது. மதுரைப் பக்கமிருந்து வரும் காய்ந்த அனல் காற்று. கிழக்கேயிருந்து ஈரக் காற்று இவ்வளவு வேகமாக வந்தால் இரண்டும் எங்கே முட்டும்? விரலை மடக்கிக் கணக்குப் போட்டான். இரண்டு மணி சுமாருக்கு, ஏறக்குறைய இந்த ஊர் மேலேயே. அதற்கு மேல் அவனால் களத்தில் நிற்க முடியவில்லை. கண்மாய்க்கரை மேலே ஏறி, வேலிக்கருவை நிழலில் உட்கார்ந்துகொண்டான்.

கரைமேல் இருந்து பார்த்தால் நாலா பக்கமும் தரை தட்டையாகக் கிடக்கும். மலை கிடையாது, மேடு கிடையாது. அறுத்துப் போட்ட வயல்கள், வற்றிப்போன கண்மாய், அங்கங்கே கருவைக் காடு, மீதியெல்லாம் வானம். அந்த வானத்துக்காகவே நாகநாதன் வேறு எந்த ஊருக்கும் பிழைக்கப் போகவில்லை என்று அவன் மாமியார் ஒரு காலத்தில் வைததுண்டு.

ஒன்றே முக்காலுக்கு அது வந்தது. கிழக்கே தரையோடு தரையாக ஒரு புழுதிக் கோடு கிளம்பி, வடக்கிலும் தெற்கிலும் கண்ணுக்கு எட்டிய தூரம் நீண்டு, மெல்ல மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் கருவைகள் மேற்கே சாய்ந்தன. இந்தப் பக்கம் கிழக்கே சாய்ந்தன. நடுவில் இருந்தவை எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் உதறின. கோட்டுக்கு நேர் மேலே மேகம் பொங்கிக்கொண்டிருந்தது. அடிப்பாகம் மசமசவென்று கறுத்து, தலை மட்டும் வெண்மையாக மேலே மேலே ஏறியது.

“வாம்மா, வா வா!” என்று அவன் எழுந்து நின்று கத்தினான். யாரைக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது.

புழுதிக் கோட்டில் அங்கங்கே சின்னச் சின்னச் சுழல்கள் எழும்பி அடங்கின. சித்திரை வெயிலில் தினமும் நாலு பேய்க்காத்து சுற்றும் ஊர்தான் அது. பெண்கள் அதைப் பார்த்துத் துப்பிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் தரிசு வயலில் எழும்பிய ஒன்று மட்டும் அடங்கவில்லை. தென்னை உயரம் வந்தது. அதையும் தாண்டியது. நாகநாதன் தற்செயலாக அதற்கு நேர் மேலே மேகத்தைப் பார்த்தான். மேகத்தின் அடியில் சின்னதாக, கூராக, ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது.

கீழே புழுதி, மேலே வால், நடுவில் ஒன்றுமே இல்லாத வெறும் வானம். ஆனால் இரண்டும் ஒரே நேராக நின்றன, ஒரே பக்கமாக நகர்ந்தன. மோட்டார்த் தொட்டியில் அடைப்பைப் பிடுங்கினால் தண்ணீர் சுழன்றுகொண்டு இறங்குமே, அதைத் தலைகீழாக வைத்தாற்போல என்று அவனுக்குப் பட்டது. தரையில் இரண்டு காற்றும் உரசிச் சுழலை உண்டாக்கிவிட்டன. மேலே ஏறுகிற மேகம் அந்தச் சுழலைப் பிடித்து நீளமாக இழுக்கிறது. இழுக்க இழுக்க அது ஒடுங்கும், ஒடுங்க ஒடுங்க வேகம் பிடிக்கும். இது பேய்க்காத்து இல்லை. சதக்கத்துல்லா கடலில் பார்த்தது இப்போது கரைக்கு வந்திருக்கிறது.

அவன் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை அனுபவித்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை என்று பிற்பாடு அவனே ஒப்புக்கொண்டான், முருகலட்சுமி இல்லாத இடத்தில். கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தான். “பாய், பாத்துக்கங்க! நம்ம ஊர்ல இறங்கிருச்சு பாய்!” என்று அதிலேயே கத்தினான்.

பதினோரு விநாடி பிடித்திருப்பான். அப்போதுதான் சுழல் எந்தப் பக்கம் போகிறது என்று கவனித்தான். நேராகக் களத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

களத்தில் இருந்தவர்கள் வேறு ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேகம் கறுத்ததுதான் தெரிந்தது. வத்தல்காரர்களுக்குக் கறுத்த மேகத்தைப் பார்த்தால் யோசனையே ஓடாது, கைதான் ஓடும். பதினோரு தார்ப்பாயும் ஒரே நேரத்தில் விரிந்தன. மூலைக்கு ஒருவர் நின்று, மூலையில் கட்டியிருக்கும் கயிற்றை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, வத்தல்மேல் இழுத்துப் பிடித்தார்கள். கல் தூக்கி வைக்கிற வரைக்கும் காற்று பிடுங்கிவிடாமல் இருக்க அப்படித்தான் செய்வது. எத்தனையோ மழையில் வத்தலைக் காப்பாற்றிய பழக்கம் அது.

நாகநாதன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கரையிலிருந்து உருண்டு இறங்கினான். ஓட்டமென்றால் அப்படி ஓட்டம். இடுப்பு வேட்டி வழியிலேயே ஒரு முள்ளில் தங்கிவிட்டது.

“தார்ப்பாய விடுங்க! கயித்த அவுத்துவிடுங்க! வாய்க்கால்ல போய்ப் படுங்க!”

“மழை இல்லேன்னீகளே மாப்ள?” என்று பொன்னுச்சாமி கத்தினான். “இருட்டிக்கிட்டு வருது, இப்ப வந்து விடச் சொல்றீக?”

“மழை இல்ல மச்சான்! காத்து! சுத்துக்காத்து! தார்ப்பாய ஆளோட தூக்கிரும்!”

“பேய்க்காத்துக்கா இம்புட்டு ஓட்டம்? ஏ லட்சுமி, துப்பிவிடு, ஒதுங்கிரும்.”

நாலைந்து பேர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். ஆனால் அதற்குள் சத்தம் வந்துவிட்டது. அறுவடை மெஷின் நாலு ஒன்றாக ஓடுவது போன்ற இரைச்சல். களத்தின் கிழக்கோரத்துத் தார்ப்பாய் ஒன்று குப்பென்று உப்பியது. அதைப் பிடித்திருந்தவர்கள் கயிற்றை உருவிவிட்டு ஓடினார்கள். பொன்னுச்சாமியும் சிரிப்பை நிறுத்திவிட்டு மணிக்கட்டை அவசரம் அவசரமாக அவிழ்த்தான்.

முருகலட்சுமி மட்டும் விடவில்லை. மூன்று சுற்றை நாலாக்கிக்கொண்டு, குதிகாலை ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்தாள். போன தடவை இவன் பேச்சைக் கேட்டுத் திறந்து போட்டது போதாதா? இந்தத் தடவை உயிரே போனாலும் மூடித்தான் தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தார்ப்பாய் அவளை ஒரு எட்டு முன்னால் இழுத்தது. இன்னொரு எட்டு இழுத்தது.

நாகநாதன் அவளுக்கு முன்னால் போய் நின்றான். அவனுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அடியில் சுழல் களத்துக்குள் ஏறியது.

“விடு லட்சுமி.”

அவள் அவனைப் பார்த்தாள்.

“வத்தல் போகட்டும். கயித்த விடு. நீ போயிருவ.”

இரண்டே நொடிதான். மணிக்கட்டைத் திருப்பினாள், கயிறு நாலு சுற்றும் உருவிக்கொண்டு போனது, போகும்போது தோலையும் உரித்துக்கொண்டு போனது. அவன் அவளை இழுத்துக்கொண்டு வாய்க்காலுக்குள் விழுந்து, அவள் தலைமேல் தன் மார்பை வைத்து அமுக்கிக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை ஊரே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லும். பழுப்பாக வந்த சுழல் களத்துக்குள் நுழைந்ததும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டதாம். பதினோரு வீட்டு வத்தலும் மேலே கிளம்பிச் சுற்றியதாம். தார்ப்பாய்கள் பருந்து மாதிரி பறந்தன என்பது எல்லோரும் ஒத்துக்கொண்டது. மொத்தம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. களத்தைத் தாண்டியதும் இளைத்து, கண்மாய்க்கரையில் முட்டி, அப்படியே இல்லாமல் போய்விட்டது. மேலே இருந்த வாலும் சுருங்கி மேகத்துக்குள் ஏறிக்கொண்டது. கடைசியாக நாலு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. நாலே சொட்டு.

வாய்க்காலிலிருந்து எழுந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே இருமல், தும்மல். கண்ணைத் திறக்க முடியவில்லை. காற்று முழுக்க மிளகாய்த் தூள். பொன்னுச்சாமி முழங்கால் சிராய்ப்போடு, கண்ணிலும் மூக்கிலும் ஒழுக, தடவித் தடவி வந்தான்.

“மாப்ள, எல்லாரும் இருக்கமா? எண்ணிப் பாருங்க.”

எல்லோரும் இருந்தார்கள். முருகலட்சுமி பிடித்திருந்த தார்ப்பாய் மட்டும் காணவில்லை. பிறகு தேடிப் பார்த்தபோது அரைக் கிலோமீட்டர் தள்ளி, மின்கம்பத்து உச்சியில் சுற்றிக்கொண்டு கிடந்தது. அந்தக் கம்பத்தை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பொன்னுச்சாமி தங்கச்சியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். பிறகு நாகநாதனிடம் வந்து, “வேட்டி இந்தாங்க மாப்ள, முள்ளுல கெடந்துச்சு” என்று கொடுத்தான்.

போன வத்தல் போக, பாதிக்கு மேல் களத்தைச் சுற்றியே விழுந்து கிடந்தது. ஆனால் எது யார் வீட்டு வத்தல் என்று படைத்தவனுக்கும் தெரியாது. ஒரு சாண் எல்லைக்காகப் பல வருஷம் சண்டை போட்டவர்கள் குனிந்து ஒரே குவியலாகக் கூட்டி அள்ளினார்கள். அவரவர் எத்தனை கூடை கொட்டினோம் என்று சொல்ல, அதன்படி பங்கு வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சானது. பொன்னுச்சாமி ஒரு கூடை கூட்டிச் சொன்னதைப் பெண்கள் அங்கேயே பிடித்துவிட்டார்கள். இருமலுக்கு நடுவிலும் ஒரே சிரிப்பு. எல்லோருக்கும் ஏதோ திருவிழா முடிந்து வந்தது போல ஒரு கிறுக்கு ஏறியிருந்தது. நாலு சொட்டை மழையில் சேர்ப்பதா வேண்டாமா என்ற வழக்கு மட்டும் தீரவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டு வாசலில் முருகலட்சுமி மோரைத் துணியில் நனைத்து அவன் கண்ணில் ஒத்திக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தது. அப்போது சதக்கத்துல்லா போன் வந்தது. கண் தெரியாததால் நாகநாதன் ஒலிபெருக்கியைப் போட்டான்.

“மாஷா அல்லா! உன் மச்சான் அனுப்பின வீடியோ பாத்தேன்பா. பதினொரு செகண்டுல படம் நின்னுபோச்சு, அதுக்கப்புறம் இருட்டும் சத்தமுந்தான். கிட்டக்க வந்தப்ப எப்படி இருந்துச்சு? நான் பாத்தது கடல்ல, மூனு மைல் தள்ளி. உனக்குப் பத்தடியில வந்துச்சாமே! உள்ள எப்படிச் சுத்துச்சு, சொல்லு சொல்லு.”

நாகநாதன் வாயைத் திறந்தான். சொல்ல ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் அவனுக்கே உறைத்தது.

“பாக்கல பாய்.”

“பாக்கலயா? எட்டு வருசமா என்னையப் போட்டுப் பிடுங்கி எடுத்தியேப்பா! பத்தடியில வந்தத பாக்கலயா?”

“அது முதுகுக்குப் பின்னால போச்சு பாய். நான் திரும்பல.”

போனை வைத்த பிறகு முருகலட்சுமி துணியை மோரில் முக்கிப் பிழிந்தாள். அடுப்பைப் பார்த்தும் பேசவில்லை, சுவரைப் பார்த்தும் பேசவில்லை.

“நான் எதுக்குக் கயித்த விட்டேன்னு கேக்கலையே நீங்க.”

இருபத்து மூன்று நாளைக்குப் பிறகு அவனிடமே நேராக வந்த பேச்சு அது.

“மழை வரும், வராதுன்னு நீங்க எத்தனையோ தடவ சொல்லியிருக்கீக. ஒவ்வொரு தடவையும் மேல பாத்துக்கிட்டேதான் சொல்லுவீக. எங்கிட்டச் சொல்றீகளா, மேகத்துக்கிட்டச் சொல்றீகளான்னு இருக்கும். போன தடவையும் அப்படித்தான் சொன்னீக, நானும் நம்பினேன். இன்னைக்கு அம்புட்டுப் பெரிய கூத்து பின்னால நடக்குது, ஊரே வாயப் பொளந்து பாக்குது. நீங்க திரும்பல. என் மொகத்தப் பாத்து விடுன்னீக. இந்த மனுசன் வானத்தப் பாக்காம ஒன்னு சொல்றாருன்னா அது நெசமாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

அவன் கண்ணில் இருந்து வந்ததில் மிளகாய் எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று அவளுக்கும் தெரிந்துதான் இருக்கும். கேட்காமல் துடைத்துவிட்டாள்.

“சரி, நாளைக்கு என்ன செய்ய?” என்றாள். “மூடவா, தெறந்து போடவா? நீங்க சொல்லுங்க.”